மழை வந்தால் டேங்கர் வராது

ஜனவரி 9, வியாழன்

காலையில் கதவைத் திறந்தால் புல்லெல்லாம் உப்பைத் தூவியது போல வெள்ளை. மறுபடியும் உறைபனி. ஜெரேனியம் இலைகள் வெந்நீர் ஊற்றியது மாதிரி கருகித் தொங்குகின்றன. சாக்கு போர்த்தாமல் விட்ட இரண்டு வரிசையும் போயிற்று. நேற்றுச் சாயங்காலமே வினோ, "போத்திரலாங்களா அத்தை?" என்று கேட்டாள். இன்றைக்குப் பனி விழாது என்று நான்தான் சொன்னேன்.

புது டைரியின் முதல் பக்கத்தில் வீட்டு ஆட்களைப் பற்றி எழுதிவிடுவது என் வழக்கம். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஷிப்ட் மாறும்போது அடுத்து வருகிறவளுக்குப் புரிகிற மாதிரி எழுதி வைத்துப் பழகிய கை. ஓய்வு பெற்ற பிறகும் விடவில்லை.

நான் அம்சவேணி. வினோதினி என் மருமகள். என் மகன் கௌதமன் மேட்டுப்பாளையம் மலைப்பாதையில் ஜீப் கவிழ்ந்து இறந்து இரண்டு வருடம் ஆகிறது. குழந்தை இல்லை. வினோவுக்குக் கோபியில் அண்ணன் வீடு இருக்கிறது. போகவில்லை. நான் போ என்றும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. காரியம் முடிந்த மறுநாள் அவளே தண்ணீர்க் குழாயை எடுத்துக்கொண்டு தோட்டத்தில் இறங்கினாள். அன்றிலிருந்து இரண்டு பேருமாகத்தான் இந்தச் செடிகளைப் பார்க்கிறோம். ரோஜா, பிகோனியா, ஹைட்ரேஞ்சியா, டேலியா. மண் நிரப்பிய பிளாஸ்டிக் கவர்களில் வளர்த்து, கோடை சீசனில் கோத்தகிரிக்கு வருகிறவர்களுக்கு விற்கிறோம்.

கிணற்றில் தண்ணீர் குறைந்துகொண்டே வருகிறது. கார்த்திகையிலேயே மழை நின்றுவிட்டது.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். இரண்டு பேருக்கு எவ்வளவு வைப்பது. பாதியைப் பக்கத்துத் தோட்டத்து ஜோஸ்பினுக்குக் கொடுத்தனுப்பினேன்.

ஜனவரி 22, புதன்

மோட்டார் போட்டால் சேறுதான் வருகிறது. வேறு வழியில்லை, டேங்கருக்குச் சொன்னோம். இந்தச் சரிவில் தோட்டம் வைத்திருக்கிற எல்லாருமே சொல்லிவிட்டார்கள். ஜோஸ்பின் மட்டும் மாதாவிடம் சொல்லியிருப்பதாகச் சொல்கிறாள்.

வண்டி ஓட்டி வந்தவன் பெயர் கோபிநாத். வண்டியும் அவனுடையதுதான். முப்பத்தைந்து இருக்கும். காரமடைக்காரன், அம்மாவோடு இங்கே அரவேணுவில் இருக்கிறான். எங்கள் வீட்டுக்கு மேலே இருக்கிற ரோடு வரைதான் வண்டி வரும். அங்கிருந்து குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு படி இறங்கி, செடி ஒன்றையும் மிதிக்காமல் தொட்டி வரைக்கும் கொண்டு வந்தான்.

"புதன்கிழமை, சனிக்கிழமை வந்தர்றனுங்கம்மா. கவலைப்படாதீங்க."

மரியாதை தெரிந்த பையன்.

ஜனவரி 29, புதன்

டேங்கர் வந்தது. ரோஜாக் கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து முடித்தோம். கைகள் முழுக்க முள் கீறல். கவாத்து செய்த இடத்தில் சாணி பூசச் சொன்னால் வினோ மஞ்சளும் சேர்த்துப் பூசுகிறாள். யார் சொன்னது என்று கேட்டேன். டேங்கர்காரர் சொன்னாராம். அவர் அம்மாவும் ரோஜா வளர்க்கிறார்களாம்.

தண்ணீர் நிரப்புகிற நேரத்துக்குள் இவ்வளவு பேச்சு.

பிப்ரவரி 8, சனி

வெயில் சுட்டெரிக்கிறது, நிழலில் குளிர் வெட்டுகிறது. இரண்டும் ஒரே நாளில். மண் வெடித்துக் கிடக்கிறது.

கௌதமன் போனதிலிருந்து தோட்ட வேலைக்கு வினோ அவனுடைய பழைய மெரூன் ஸ்வெட்டரைத்தான் போடுவாள். கை நீளமாக இருக்கும், மடித்து விட்டுக்கொள்வாள். இன்றைக்குத் தன்னுடைய நீல ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். மெரூன் ஈரமாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். கொடியில் பார்த்தேன். காய்ந்துதான் இருந்தது.

டேங்கர் வந்தது.

பிப்ரவரி 9, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். மழை வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். செடிகளுக்காக.

பிப்ரவரி 19, புதன்

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

கோபிநாத் குழாயைத் தொட்டியில் விட்டுக்கொண்டிருந்தான். வினோ பிடித்துக்கொண்டிருந்தாள். நான் சமையலறை ஜன்னலில் நின்றுகொண்டிருந்தேன். தேயிலைப் பக்கமிருந்து ஒரு காட்டெருமை வேலியை மிதித்துக்கொண்டு உள்ளே வந்தது. கறுப்பாக, சுவர் மாதிரி. காட்டில் தண்ணீர் இல்லை, அதனால்தான் பகலிலேயே இறங்குகின்றன. வினோ அப்படியே நின்றுவிட்டாள். எனக்குச் சத்தம் வரவில்லை.

கோபிநாத் ஓடவில்லை, கத்தவும் இல்லை. வினோவுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு, மெதுவாக, "அசையாதீங்க. அதுக்குத் தண்ணிதான் வேணும். குடிச்சுட்டுப் போகட்டும்" என்றான். குழாயை வாய்க்கால் பக்கம் திருப்பிவிட்டான். அது நின்று நிதானமாகக் குடித்தது. பிறகு இரண்டு வரிசை பிகோனியாவையும் மேய்ந்துவிட்டு, வந்த வழியே போனது.

போனதும் வினோ சிரித்தாள். "பிகோனியாவையும் சாப்பாட்டுக்கு வெச்சுக்கிச்சு பாருங்க!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். கோபிநாத்தும் சிரித்தான். அவள் அப்படிச் சிரித்துக் கேட்டு இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அப்படி ஒரு குரல் அவளுக்கு இருப்பதையே மறந்துவிட்டிருந்தேன்.

பார்த்துக்கொண்டே நின்றதில் அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. அவனுக்குக் கொடுக்க டீ இல்லை.

மார்ச் 2, ஞாயிறு

மத்தியானம் கிழக்கே மேகம் கட்டியது. சரிவிலிருக்கிற எல்லாரும் தோட்டத்துக்கு வந்து நின்றுவிட்டோம். ஜோஸ்பின் வாளி, பக்கெட், அண்டா எல்லாவற்றையும் கூரை ஓரம் வரிசையாக வைத்துவிட்டாள்.

"அம்சா, இன்னைக்கு நிச்சயம். என் முழங்கால் சொல்லுது" என்றாள்.

"உன் முழங்கால் போன மாசமும் சொல்லுச்சு."

"அது இடது முழங்கால். இது வலது."

காற்று வீசியது. மண் வாசனைகூட வந்தது, எங்கோ பெய்திருக்க வேண்டும். நான் வினோவைக் கூப்பிட்டேன். வந்து வானத்தைப் பார்த்தாள். எங்கள் எல்லாருடைய முகத்திலும் இருந்த ஆவல் அவள் முகத்தில் இல்லை.

"பெய்யாதுங்க அத்தை" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

பெய்யவில்லை. மேகம் கலைந்ததும் ஜோஸ்பின் அண்டாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனாள்.

செடிகளில் இவ்வளவு பாசம் வைத்திருக்கிற பெண், மழையை ஏன் இப்படிப் பார்க்க வேண்டும். எனக்குத் தெரியவில்லை.

மார்ச் 5, புதன்

தெரியும்.

மார்ச் 12, புதன்

நாற்றுகளுக்கு நிழலுக்காகக் கட்டியிருந்த பச்சை வலை கிழிந்துபோய்விட்டது, புதிது வாங்க வினோ காலையிலேயே குன்னூர் போனாள். டேங்கர் வருகிற நேரத்துக்குள் திரும்பிவிடுவதாகச் சொன்னாள். நான்தான் அவசரமில்லை, மார்க்கெட்டில் உரமும் பார்த்து வா என்றேன்.

கோபிநாத் வந்தான். தொட்டியை நிரப்பினான். குழாயைச் சுருட்டி வைத்தான். பிறகும் போகாமல் வெகுநேரம் கையைக் கழுவிக்கொண்டிருந்தான்.

"அம்மா, ஒரு நிமிஷம் பேசலாங்களா?"

"தொட்டி நிறைஞ்சிருச்சில்ல தம்பி?" என்று கேட்டேன். அதைப் பற்றி இல்லை என்று எனக்குத் தெரியும்.

"நிறைஞ்சிருச்சுங்க. வேற ஒண்ணு." தலையில் இருந்த குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான். "எங்கம்மா ரொம்ப நாளா கல்யாணம் பண்ணிக்கோ, பண்ணிக்கோன்னு சொல்லிட்டிருக்குதுங்க. தங்கச்சிக ரெண்டு பேருக்கும் முடிச்சாச்சு. எனக்கு... வினோதினியைக் கட்டிக்கலாம்னு ஒரு எண்ணமுங்க. சத்தியமா அவங்ககிட்ட இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசலீங்க. உங்களைக் கேக்காம அவங்ககிட்ட பேசறது மொறையில்லைன்னு பட்டுச்சு. அவங்களுக்கு அம்மா ஸ்தானத்துல நீங்கதானே இருக்கறீங்க."

நான் கீழே கிடந்த காய்ந்த ரோஜாக் குச்சி ஒன்றை எடுத்து ஒடித்தேன்.

"அவளுக்கு அந்த எண்ணமே இல்லை தம்பி" என்றேன். "கௌதமன் போனப்பவே என்கிட்ட சொல்லிட்டா. இனிமே இன்னொரு கல்யாணப் பேச்சே எடுக்காதீங்க அத்தைன்னு."

"அப்படீங்களா."

"கேட்டாலே ஒடைஞ்சு போயிருவா. நீங்க நல்ல பையன், அதனாலதான் மறைக்காம சொல்றேன்."

அவன் வாய்க்காலையே பார்த்துக்கொண்டு நின்றான். குல்லாவைப் போட்டுக்கொண்டான்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. நான் கேட்டதை அவங்ககிட்ட சொல்ல வேண்டாமுங்க. அவங்க மனசு கஷ்டப்படக் கூடாது. சனிக்கிழமையில இருந்து வேற ஆளை அனுப்பறேன்."

போகிறபோது, வெயிலில் கிடந்த ஹைட்ரேஞ்சியா கவர்களை ஒவ்வொன்றாக நிழலுக்கு நகர்த்தி வைத்துவிட்டுப் போனான். நான் கேட்கவில்லை. அவனாகவே செய்தான்.

வினோ அப்படிச் சொன்னாளா என்றால், காரியத்தன்றைக்கு அவள் எதுவுமே பேசவில்லை. பேசாமல் இருந்தால் அதற்கு அதுதானே அர்த்தம்.

எக்ஸ்சேஞ்சில் யார் கேட்டாலும் இணைப்பைக் கொடுத்துவிட வேண்டும். பேசுவதும் பேசாததும் அந்தப் பக்கம் இருக்கிறவர் பாடு. ஆனால் அது வேலை. இது வீடு. இந்தச் சரிவில் இவ்வளவு செடிகளை வைத்துக்கொண்டு, இந்த வயதில் நான் ஒருத்தி என்ன செய்வேன். நாளைக்கு அவன் நல்லவனாகவே இருப்பான் என்று யார் கண்டது.

வினோ பொழுது சாய்கிறபோது வந்தாள். "டேங்கர் வந்துச்சுங்களா அத்தை?"

வந்துவிட்டுப் போயிற்று என்றேன்.

மார்ச் 15, சனி

வேறு ஒரு ஆள் வந்தான். குழாயை இழுத்த இழுப்பில் நான்கைந்து டேலியா முறிந்தது. வினோ நீல ஸ்வெட்டரில் படியருகே நின்றுகொண்டிருந்தவள், வண்டியிலிருந்து இறங்கிய ஆளைப் பார்த்துவிட்டுச் சும்மா நின்றாள். முறிந்த டேலியாக்களை அவள்தான் குச்சி வைத்துக் கட்டினாள்.

மார்ச் 19, புதன்

ராத்திரிச் சாப்பாட்டின்போது, "பழைய டிரைவர் ஏங்க வர்றதில்ல?" என்று கேட்டாள். தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"குன்னூர் பக்கம் ஓட்டறானாம். அங்க இன்னும் தண்ணிப் பஞ்சமாம்" என்றேன்.

"சொல்லிட்டுப் போனாருங்களா?"

"என்னத்த சொல்லணும் கண்ணு. தண்ணி வண்டிக்காரன்."

அதற்கு மேல் கேட்கவில்லை. ரசம் நன்றாக இருந்தது என்று சொன்னாள். இன்றைக்கு ரசத்தில் உப்புப் போட மறந்திருந்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

மெரூன் ஸ்வெட்டருக்குத் திரும்பிவிட்டாள். இந்த வெயிலிலும்.

ஜகரந்தா மரங்கள் பூத்துவிட்டன. ரோடெல்லாம் ஊதா. ஒரு சொட்டு மழை இல்லாமல் அது எப்படித்தான் பூக்கிறதோ. நம் ரோஜாக்கள் துளிர்விட்ட இடத்திலேயே நிற்கின்றன. இன்னும் பத்துப் பதினைந்து நாளில் பெய்யாவிட்டால் இந்த சீசனுக்கு விற்க ஒன்றும் இருக்காது. இதை வினோவிடம் சொன்னேன். "ம்" என்றாள்.

முன்பெல்லாம் சாயங்காலம் வேலை முடிந்து கை கால் கழுவியதும் படியில் என் பக்கத்தில் வந்து உட்காருவாள். எந்தச் செடி தேறும், எது தேறாது என்று பேசிக்கொண்டிருப்போம். இப்போது நேரே உள்ளே போய்விடுகிறாள். கோபமெல்லாம் இல்லை. சொன்ன வேலைக்கு மேலேயே செய்கிறாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

மழை. மழை. மழை.

மூன்று மணி வரை ஒன்றும் தெரியவில்லை. புழுக்கமாக இருந்தது, இந்த ஊரில் அது அதிசயம். வினோ வலைக்குள் நாற்றுகளுக்குக் கை டம்ளரில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று வெளிச்சம் போய்விட்டது. யூகலிப்டஸ் மரங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. பிறகு இடி. பாத்திரங்கள் அதிர்ந்தன. இடி ஓய்வதற்குள் கூரைத் தகரத்தில் முதல் சொட்டுகள், யாரோ கூழாங்கற்களை வீசியது போல.

நான் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். பக்கத்துத் தோட்டத்தில் ஜோஸ்பின் முக்காடு விழுந்தது தெரியாமல் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, "மாதாவே, மாதாவே" என்று நிற்கிறாள். கீழ்த் தோட்டத்தில் யாரோ விசிலடித்தார்கள். மண் தண்ணீரை உறிஞ்சுகிற சத்தம் என் காதுக்குக் கேட்டது, பொய்யில்லை. அந்த வாசனையை எழுத எனக்குத் தெரியாது.

கொஞ்ச நேரத்தில் ஆலங்கட்டி. நெல்லிக்காய் அளவு. புது வலையைப் பொத்துக்கொண்டு விழுந்தது.

"வினோ! டேலியாவை மூடு!"

சாக்கு, தார்ப்பாய், பழைய போர்வை, கையில் கிடைத்ததையெல்லாம் இரண்டு பேரும் இழுத்துப் போட்டு மூடினோம். காற்று ஒரு பக்கம் தூக்கினால் நான் பிடிப்பேன், மறுபக்கம் அவள் பிடிப்பாள். ஒரு வார்த்தை பேச வேண்டியிருக்கவில்லை. என் கை போவதற்கு முன்னால் அவள் கை அங்கே இருந்தது. ஆலங்கட்டி முதுகில் அடித்தது. நான் சிரித்துக்கொண்டே இருந்தேன், சின்னப் பெண் போல.

கல் விழுவது நின்று வெறும் மழையானதும் திரும்பிப் பார்த்தேன். வினோ வாய்க்கால் ஓரம், குழாய் விடுகிற தொட்டிப் பக்கத்தில், சேற்றில் உட்கார்ந்திருந்தாள். தொட்டி மழையிலேயே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது. சிரிக்கிறாள் என்று நினைத்துக் கிட்டே போனேன்.

சிரிக்கவில்லை.

"எந்திரிச்சு வா கண்ணு, குளிர் ஏறிக்கும்" என்றேன்.

"செடி பொழைச்சுதுங்களா அத்தை?" என்று கேட்டாள்.

"பொழைச்சிரும்."

"அப்ப இனி டேங்கர் வேண்டாம்னு சொல்லிருங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மழையில் துடைத்து என்ன.

ஏப்ரல் 7, திங்கள்

டேங்கர் வேண்டாம் என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டேன். போனை எடுத்தது அவனில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. தினமும் சாயங்காலம் இடியும் மழையும். ரோஜாவில் ஒவ்வொரு கணுவிலும் துளிர், செம்பு நிறத்தில். செத்துவிட்டது என்று ஒதுக்கி வைத்த ஜெரேனியம்கூட அடியிலிருந்து வெடித்து வருகிறது. சரிவில் எல்லாருக்கும் முகம் மலர்ந்திருக்கிறது.

பாயசத்துக்கு வந்த ஜோஸ்பின் பேச்சோடு பேச்சாக, "நமக்குத் தண்ணி கொண்டு வந்தானே, அந்த கோபிநாத். அவனுக்குப் பொண்ணு பாத்து முடிச்சுட்டாங்களாம். காரமடைப் பக்கம். ஆவணில கல்யாணமாம்" என்றாள்.

வினோ பாயசத்தைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சிந்தவில்லை. கிண்ணத்தை ஜோஸ்பின் கையில் கொடுத்துவிட்டு, "முந்திரி இன்னும் கொஞ்சம் போடட்டுங்களா அக்கா?" என்று கேட்டாள்.

அவள் உள்ளே போனதும் ஜோஸ்பின் குரலைத் தாழ்த்தி, "அவன் இங்கதான் கேப்பான்னு நான் நெனச்சிட்டிருந்தேன் அம்சா" என்றாள். "அவன் இவளைப் பாக்கற பார்வை இந்த மலைக்கே தெரியுமே. உனக்குத் தெரியாதா?"

நான் பாயசம் ஆறுகிறது, குடி என்றேன்.

ஏப்ரல் 16, புதன்

அரவேணு போனேன். ஜோஸ்பினிடம் பேங்க் வேலை என்று சொன்னேன். வினோவிடம் ஒன்றும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

நிச்சயம்தானே ஆகியிருக்கிறது, கல்யாணம் இன்னும் ஆகவில்லையே என்று பஸ்ஸில் போகும்போது நினைத்துக்கொண்டேன். நடந்ததைச் சொல்லிவிடுவது, பிறகு அவர்கள் பாடு. இவ்வளவுதான். சொல்ல வேண்டிய வாக்கியத்தை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

இறங்கும்போது பிடித்த மழை அவன் வீடு போய்ச் சேரும்வரை விடவில்லை. டேங்கர் வாசலில் கழுவித் துடைத்து நின்றது, மழை வந்த பிறகு அதற்கு வேலையில்லை. கோபிநாத் குடையோடு ஓடி வந்தான்.

"வாங்கம்மா, வாங்க. சொல்லியிருந்தா நானே வந்திருப்பேனுங்களே."

அவன் அம்மா துண்டு கொடுத்தாள், காப்பி கொடுத்தாள். மூச்சு வாங்குகிற உடம்பு. நான் வாயைத் திறப்பதற்குள் பீரோவிலிருந்து ஒரு போட்டோவை எடுத்து வந்து என் கையில் வைத்தாள். "பாருங்க, இதானுங்க பொண்ணு. பன்னெண்டாவது வரைக்கும் படிச்சிருக்குது. இவனைப் பாத்துட்டுப் போனதில இருந்து அங்க ஒரே சந்தோஷமாம். தெனமும் எனக்குப் போன் பண்ணி மாத்திரை சாப்டீங்களான்னு கேக்குதுங்க."

சின்னப் பெண். பச்சைப் புடவை. கேமராவைப் பார்க்க வெட்கப்பட்டு, ஆனாலும் பார்த்துவிட்ட முகம். என் கை ஈரம் போட்டோவில் பட்டது. முந்தானையில் துடைத்துக் கொடுத்தேன்.

"நல்ல களையா இருக்கா" என்றேன். ஒத்திகை பார்த்த வாக்கியத்தில் இந்தப் பெண் இல்லை.

பஸ் ஸ்டாப் வரை குடை பிடித்துக்கொண்டு கோபிநாத் வந்தான்.

"ஹைட்ரேஞ்சியா பொழைச்சுதுங்களாம்மா?"

"எல்லாம் மொட்டு விட்டிருக்கு."

"சந்தோஷமுங்க." கொஞ்சம் கழித்து, "அவங்க நல்லா இருக்கறாங்களா?" என்றான்.

"நல்லா இருக்கா தம்பி."

அவன் தலையை ஆட்டினான். அதோடு பஸ் வந்துவிட்டது.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஆலங்கட்டி கிழித்த வலையை இன்றைக்குத்தான் தைத்தோம். நான் விளிம்பைப் பிடித்துக்கொண்டேன், வினோ நைலான் நூலால் தைத்தாள்.

"அத்தை," என்றாள், தலை நிமிராமல். "அவரு வராம நின்னது நம்ம வீட்டுல யாராவது ஏதாவது சொன்னதாலயா?"

யாராவது என்றால் யார். இந்த வீட்டில் நான்தான் இருக்கிறேன். குன்னூர்ப் பக்கம் ஓட்டுகிறான் என்கிற பதில் வாய் வரைக்கும் வந்தது. அவள் ஊசியைப் பிடித்திருந்த விரலில் முள் கீறல்கள் காய்ந்து கோடு கோடாக இருந்தன.

"அவன் உன்னைக் கட்டிக்கறேன்னு கேட்டான்" என்றேன்.

"எப்பங்க?"

"மார்ச்ல. நீ வலை வாங்கக் குன்னூர் போயிருந்தப்ப."

"இந்த வலைங்களா" என்று கையிலிருந்ததைப் பார்த்தாள். "நீங்க என்ன சொன்னீங்க?"

சொன்னேன். அவள் சொன்னதாக நான் சொன்னதை, வார்த்தை மாறாமல் சொன்னேன்.

அடுத்த கிழிசலையும் தைத்தாள். அழுவாள், கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருக்கலாம்.

"என்னைக் கேட்டிருந்தா நானும் வேண்டாம்னுதானுங்க சொல்லியிருப்பேன்" என்றாள் கடைசியில். "ஒரு வாரம் யோசிச்சிருப்பேன். அழுதிருப்பேன். அப்புறம், அத்தையைத் தனியா விட்டுட்டு எப்படி வர்றதுன்னு அவருகிட்ட நேராவே சொல்லியிருப்பேன்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ஆனா அதை நான் சொல்லியிருப்பேனுங்க அத்தை."

"தோட்டத்தை ஒத்தை ஆளா என்னால..." என்று ஆரம்பித்தேன்.

"புரியுதுங்க."

"அவன் வீட்டுக்குப் போனேன். சொல்லிரலாம்னுதான் போனேன். அந்தப் பொண்ணு போட்டோவைக் காட்டுனாங்க..."

"நல்லவேளை, சொல்லாம வந்தீங்க. அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு பாவம்."

மீதி வலையையும் தைத்து முடித்தாள். முடிச்சுகள் எல்லாம் ஒரே அளவில் இருந்தன. நான் விளிம்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். காரணம் சொன்னேன், அரவேணு போனதைச் சொன்னேன். சொல்ல வேண்டியிருந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. பெரியவள் சின்னவளிடம் எப்படிச் சொல்வது என்று இருந்தது. இப்போது எழுதும்போது அது காரணமாகவே தெரியவில்லை.

மே 1, வியாழன்

லீவு நாள். காலையிலிருந்து கார்கள். இந்த வருடம் போல ஹைட்ரேஞ்சியா பூத்து நான் பார்த்ததில்லை. நீலம் அப்படியே குடம் குடமாக. ஈரோட்டுக்கார அம்மா ஒருத்தி ஒரே தடவையில் பின் சீட்டு நிறைய வாங்கிப் போனாள். வினோ ஒவ்வொரு செடிக்கும் எவ்வளவு வெயில், எவ்வளவு தண்ணீர் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்புகிறாள். அந்த அம்மா போகும்போது, "உங்க பொண்ணுக்குக் கைராசிங்க" என்றாள் என்னிடம்.

போன வருடங்களிலும் இப்படிச் சொல்வார்கள். வினோ சிரித்துவிட்டு விட்டுவிடுவாள். இன்றைக்கு, "பொண்ணு இல்லீங்க, மருமக" என்று திருத்தினாள். மரியாதையாகத்தான் சொன்னாள்.

மே 11, ஞாயிறு

ஓசூர்ப் பக்கம் ஒரு பூப்பண்ணையில் வினோ வேலைக்குக் கேட்டிருக்கிறாள். கிடைத்துவிட்டது. தங்க இடமும் தருகிறார்களாம்.

"சீசனை முடிச்சுக் குடுத்துட்டுப் போறேனுங்க அத்தை. தண்ணி விடறதுக்கு ஜோஸ்பின் அக்கா ஒரு பொம்பளையாளைச் சொல்லியிருக்காங்க."

எல்லா ஏற்பாடும் ஆகிவிட்டது. நான்தான் கடைசி.

"உங்கண்ணன்கிட்ட நான் பேசட்டுமா கண்ணு? நல்ல இடமா ஒண்ணு பாக்கச் சொல்லி... நானே முன்னால நின்னு பண்றேன்."

அவள் என்னை நேராகப் பார்த்தாள். வலை தைத்த நாளுக்குப் பிறகு இன்றைக்குத்தான்.

"வேண்டாங்க அத்தை. எனக்கு வேணும்னா நானே சொல்லிக்கறேன்."

மே 23, வெள்ளி

மழை. விற்றது போக மீதி கவர்களுக்கு மண் மாற்றினோம். வினோ புதிதாக வரப்போகிற பெண்ணுக்கு ஒவ்வொன்றாகக் காட்டிக்கொடுத்தாள். எனக்கு முட்டி வலிப்பதால் கீழ் வரிசைக்கு என்னை இறங்கவிடக் கூடாது என்றும் சொன்னாள். நான் காதில் விழாதது போல இருந்துவிட்டேன்.

ஜூன் 2, திங்கள்

காலை பஸ்ஸுக்குக் கிளம்பினாள். ஒரு பெட்டி, ஒரு பை. ஜோஸ்பின் வந்து அழுதாள். வினோ என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், நான் நெற்றியில் விபூதி வைத்தேன். கொஞ்சம் அவள் கண்ணில் விழுந்துவிட்டது. "பரவால்லீங்க அத்தை" என்றாள்.

வேண்டாம் என்றவளை விடாமல் பஸ் ஸ்டாண்டுக்குக் கூடவே போனேன். படியிறங்கும்போது தூறலாக இருந்தது, ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் கொட்ட ஆரம்பித்தது. அவளை ஜன்னலோரம் உட்கார வைத்து, பையை மடியில் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கித் தகரக் கூரைக்கு அடியில் நின்றேன். போனதும் சாப்பிடு, குளிருக்குக் கம்பளி எடுத்தாயா, அங்கே குளிர் இருக்காதே என்று எதையெதையோ பேசினேன். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். இன்ஜின் சத்தம் கேட்டது.

அப்போதுதான் அது வந்தது. தொண்டையிலிருந்து தானாகவே வந்தது.

"என்னை மன்னிச்சிரு கண்ணு."

சொல்லிவிட்டேன். வாய்விட்டு, சத்தமாகவே சொன்னேன். தகரத்தின் மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது. எனக்கே என் குரல் கேட்கவில்லை.

வினோ ஜன்னல் கண்ணாடியைத் தள்ளி முகத்தை வெளியே நீட்டினாள். காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னங்க அத்தை? மழையில கேக்கல! என்ன சொன்னீங்க?"

அவள் முகத்தில் தண்ணீர் வழிந்தது. கண்ணைச் சுருக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் இன்னும் நகரவில்லை. நேரம் இருந்தது. இன்னொரு தடவை சொல்ல நேரம் இருந்தது.

"போனதும் போன் பண்ணுன்னு சொன்னேன்" என்று கத்தினேன்.

"பண்றேனுங்க அத்தை. உள்ள தள்ளி நில்லுங்க, நனையறீங்க" என்றாள்.

பஸ் போய்விட்டது.